காத்திருப்போர் அறை

"உள்ள போகக் கூடாதுன்னா போகக் கூடாது. உன் பேர் காத்திருக்கிறவங்க பக்கம் விழுந்திருக்கு."

கதவை மறித்துக்கொண்டு நின்றாள் புருல். நரின் என்ற மலை நகரத்து ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. நிற்கிற தோரணையைப் பார்த்தால் எல்லைக் காவல் படை மாதிரி இருந்தது.

ஐஜார்கின் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் தயவு பண்ணுங்க. வீட்டுக்காரர் மாஸ்கோவில. மாமியார் மலைமேல மந்தையோட. எனக்குப் பேச நாலு சுவர்தான் இருக்கு."

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சீட்டுக் குலுக்கினது நான் இல்ல, டாக்டரம்மா."

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த டாக்டர் ஜீபெக்கின் ஆராய்ச்சி அது. நோய்நொடி இல்லாத சாதாரண ஜனங்களை, மனப்பயிற்சி கொடுத்து, இன்னும் சந்தோஷமாக ஆக்க முடியுமா? வந்த பெண்களில் பாதிப் பேருக்குப் பயிற்சி உண்டு. மீதிப் பேருக்கு இப்போதைக்குக் கிடையாது; ஆராய்ச்சி முடிந்த பிறகுதான். அவர்கள் வாராவாரம் வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், "பத்துக்கு எத்தனை சந்தோஷம்?" என்று எல்லாரையும் கேட்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"ரெண்டு" என்றாள் ஐஜார்கின், தரையைப் பார்த்து.

உள்ளேயிருந்து மெல்லிய இசை வந்தது. வெளியே, காத்திருப்போர் அறை பெஞ்சில் பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள்.

"காத்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. டாக்டரம்மா உத்தரவு" என்றாள் புருல்.

'இவளுக்கெல்லாம் நெஞ்சு இருக்கிற இடத்தில் என்ன இருக்கும்?' என்று நினைத்துக்கொண்டாள் ஐஜார்கின்.

அடுத்த வாரம், ஐந்து பிள்ளை பெற்ற உல்கான் தன் பையைத் திறந்து வட்ட ரொட்டி ஒன்றை எடுத்தாள்.

"ஏய்! ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நீ எங்க குடுத்தே? இது என் வீட்ல சுட்டது. இந்தா, நீயும் கொஞ்சம் பிய்ச்சுக்கோ."

நீட்டிய ரொட்டியை வேண்டாமென்று சொல்ல நரினில் யாருக்கும் வாய் வராது. புருல் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு துண்டு பிய்த்தாள். பிய்த்தவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்துபோய் கெட்டிலோடு வந்தாள்.

"இது எனக்குப் போட்ட டீ. மிஞ்சிப்போனா நான் என்ன பண்றது?"

"அடேயப்பா, ஆனை குடிக்கிற அளவுக்கில்ல போட்டிருக்கே!" என்று உல்கான் சிரித்தாள். பிறகு ஐஜார்கின் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி, குழந்தை மூக்குக்கிட்ட விரலை வெச்சுட்டே இருக்கே? காவல் காக்கிறியா?"

ஐஜார்கின் விரலை எடுத்தாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"தூக்கத்துல மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்குக்கா. இவன் தூங்கினா நான் தூங்கறதில்ல."

யாரும் அவளை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

"நான் கண்ணாடியை வெச்சுப் பார்ப்பேன், ஆவி படியுதான்னு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் கிள்ளியே பார்த்துடுவேன். அழுதா நிம்மதி" என்றாள் புருல்.

"அதான் உன் மகன் உன்னைக் கண்டாலே ஓடறான்!" என்று உல்கான் சொல்ல, அறையே சிரித்தது. அவள் கையை நீட்டினாள். "குழந்தையை இங்க குடு. மூச்சை நான் பார்த்துக்கறேன். நீ கண்ணை மூடு."

சும்மா சாய்ந்தாள் ஐஜார்கின். விழித்தபோது உள்ளே இசை நின்றிருந்தது. யாரோ தன் சால்வையை அவளுக்குப் போர்த்தியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனால் பழையபடி அதே சுவர்கள்தான். மாஸ்கோவிலிருந்து வரும் போனில், "நல்லா இருக்கியா?" "ம்" என்பதற்குள் லைன் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே பனி. அவளுக்கு மறுபடியும் பயம் வரும். ரொட்டியும் டீயும் இருக்கட்டும், மருந்து உள்ளேதானே இருக்கிறது? அதனால் ஒவ்வொரு வாரமும் வந்ததும் முதல் வேலையாக, "என் முறை எப்போக்கா?" என்று புருலை நச்சரிப்பாள்.

கடைசி வாரம் டாக்டர் ஜீபெக் அந்த அறைக்குள் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பயிற்சி எடுத்தவங்க சந்தோஷம் கொஞ்சம் ஏறியிருக்கு. சும்மா உட்கார்ந்த உங்களுக்கு அதைவிட அதிகமா ஏறியிருக்கு! எப்படி? புருல், இவங்களுக்கு இங்க என்ன பயிற்சி குடுத்தே?"

புருலுக்கு வாய் நிறைய ரொட்டி.

"பயிற்சியா? அதுக்குத்தானே டாக்டரம்மா நாங்க காத்துக்கிட்டிருக்கோம்!" என்று உல்கான் ரொட்டியை நீட்டினாள்.

கோபத்தோடேயே டாக்டரும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே.

"என் ஆராய்ச்சியே பாழாப்போச்சு" என்றார், மென்றுகொண்டே. "ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன். அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்கும் பயிற்சி. ஒவ்வொருத்தரும் தனித்தனியா வரணும். கண்ணை மூடிக்கணும், பேச்சே கூடாது. இந்த அறையைப் பூட்டிடலாம்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஐஜார்கினைப் பார்த்துச் சிரித்தார். "முதல் இடம் உனக்குத்தான்மா. முதல் நாள்லேர்ந்து கேட்டுட்டே இருந்தவ நீதானாமே?"

ஐஜார்கின் எழுந்தாள்.

"டாக்டர்... நான் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டுமா?"