பதக்கத்து மாதா

மெழுகுதிரியை ஏற்றி மாதாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, பிலோமினம்மா முழந்தாளில் நின்றார். மாதா ஒரு பிஸ்கட் அளவு பதக்கத்தில் இருந்தார். முக்காடு, அதற்கு மேல் சின்னக் கிரீடம், கொஞ்சம் பூசினாற்போல முகம். பின்பக்கத்தில் பெரிய குவிமாடம் வைத்த கோயில்.

போன மார்கழியில் பங்குக் கோயில் பசாரில், பழைய சாமான் மேசையில் வாங்கிய பதக்கம் அது. பகலில் பிலோமினம்மாவின் கழுத்தில் தொங்கும். பின்னேரமானால் மெழுகுதிரிக்கு முன்னால் வந்துவிடும். அந்த இல்ஃபோர்ட் பிளாட்டில் அதற்கு இருந்தது ஒரே வேலை, மருமகன் டெனுசனின் பிரித்தானிய விசா.

டெனுசன் மன்னாரில் இருந்தான். மகள் கிளறிற்றா அவனைக் கட்டி இரண்டு வருசம், சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள். விண்ணப்பம் இரண்டு தரம் திரும்பிவிட்டது. மூன்றாவதன் முடிவு இந்த வாரம் வரவேண்டும். இதுவும் போய்விட்டால் என்ற நினைப்பில் கிளறிற்றா மணிக்கொருதரம் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள்.

பதக்கத்தின் புகழ் அதற்குள் மேல்மாடி வரை ஏறியிருந்தது. அங்கே குடியிருந்த ரஜனி ஒவ்வொரு படியாக நொண்டி இறங்கி வந்தாள்.

"அக்கா, மாதாவை ஒருக்கா என்ர முழங்கால்ல வைச்சு எடுங்கோவன்."

"முழங்காலுக்கு இவவிட்டக் கேக்க ஏலாது," என்றார் பிலோமினம்மா. "அங்க அறைக்குள்ள மடு மாதா படம் இருக்கு. அதில போய்க் கேளும்."

ரஜனிக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மா எதற்கும் ஆள் வகுத்து வைத்திருப்பவர்தான். சாவி தொலைந்தால் அந்தோனியார், பிரசவமென்றால் அன்னம்மாள். ஆனாலும் மாதாவைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பது கிளறிற்றாவுக்குச் சரியாகப் படவில்லை.

வியாழக்கிழமை பதக்கத்தின் வளையம் கழன்றது. கிளறிற்றா அதை ஈஸ்ட் ஹாமில் கனகலிங்கத்தின் நகைக்கடைக்குக் கொண்டு போனாள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து, இரண்டு பக்கமும் ஆறுதலாகப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆரெண்டு நினைச்சனீங்கள்?"

"மாதா."

"விக்டோரியா மகாராணி. சுத்திவரப் பேர் கிடக்கு, தேஞ்சு போச்சு. பின்னால இருக்கிறது கோயில் இல்லை. 1887ல மான்செஸ்டர்ல கைத்தொழில் கண்காட்சி வைச்ச மண்டபம். மெசின் பாக்க வந்த சனம் ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு போனது. வெள்ளியுமில்லை, வெறும் ஈயக் கலப்பு."

கிளறிற்றா பதக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல், வாத முழங்காலோடு அம்மா மன்றாடியது கண்காட்சிச் சாமானிடம்.

"ஒட்டவோ, விடவோ?" என்றார் கனகலிங்கம்.

"ஒட்டுங்கோ அண்ணை."

வீடு வரும்வரை அவளுக்கு அதே யோசனை. இப்போது சொன்னால் அம்மா இடிந்துபோவார். சொல்லாமல் விட்டு விசாவும் மறுக்கப்பட்டால், பிறகு சொல்லவே முடியாது. முடிவு வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அன்று பின்னேரமும் மெழுகுதிரி எரிந்தது. அவள் பார்க்காமல் குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. விசா கிடைத்துவிட்டது.

கிளறிற்றா குசினி நிலத்திலேயே இருந்து விம்மி விம்மி அழுதாள். பிலோமினம்மா பதக்கத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றி, முத்தமிட்டு, "நன்றி அம்மா, நன்றி" என்று கண்ணீர் விட்டார். அதைப் பார்க்கப் பார்க்க மகளுக்குத் தாங்கவில்லை. இனியும் மறைத்தால் பாவம் என்று பட்டது.

"அம்மா, கோவிக்காதேங்கோ. நகைக்கடையில சொன்னவை. அது மாதா இல்லை, விக்டோரியா மகாராணி."

பிலோமினம்மா பதக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். சங்கிலியில் கொளுவிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரியும் பிள்ளை. விசா குடுக்கிறது மாதாவே?"