அதிகம் குலுங்குவது

கார் உதிரிபாகக் கடையின் மேசையில் லானி, இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளான கேம்ஷாஃப்டுகள் இரண்டை எண்ணெய்த் தாள் பிரித்து வைத்தான்.

ஆர்வில் டாக்கெட் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். டாக்கெட் வீட்டார் கடைக்காரன் முன்னால் குனிந்து எதையும் பார்ப்பதில்லை. கென்டக்கியின் அந்த மலையூரில் எல்லாருக்கும் அது தெரியும்.

“ஒரே வருஷத்துல இது மூணாவது, பெரியவரே. அந்த நோவா காரை ஓட்டுறீங்களா, இல்ல வீட்டுல நிப்பாட்டி உறும விட்டு ஊருக்குப் படம் காட்டுறீங்களா?”

அவர் நின்றபடியே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிட்டால் கேம்ஷாஃப்டின் மேடுகளுக்கு எண்ணெய் எட்டாது. தேய்ந்து மொட்டையாகிவிடும். அவருக்குத் தெரியாததல்ல. மகன் க்ளேயோடு சேர்ந்து அந்த இன்ஜினை உருவாக்கியவரே அவர்தான்.

“இந்தச் சின்ன மேடு வெச்சதை எடுத்துக்குங்க. தையல் மிஷின் மாதிரி ஓடும். சீக்கிரம் தேயாது.”

“குலுங்குமா?”

“காப்பிக் கோப்பையை மேல வெச்சா ஒரு சொட்டு சிந்தாது.”

ஆர்வில் மற்றதைத் தொட்டார்.

லானி சிரித்தான். “அது குலுக்குற குலுக்குல பல்செட்டே கழண்டு விழுந்துரும். சிக்னல்ல நின்னா இன்ஜின் திணறும், பிரேக்கும் ஒழுங்காப் பிடிக்காது. தெருவுல போற வண்டிக்கு ஆகவே ஆகாது.”

“அதையே கட்டு.”

கட்டும்போது லானியின் குரல் தணிந்தது. “க்ளே எப்படி இருக்கான்? லாரி கவிழ்ந்தப்புறம் யாரையுமே வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறீங்க.”

“தேறிக்கிட்டு வர்றான்.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபடியே வெளியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், அவர் வீட்டுப் பின்முற்றத்தில் நோவா மறுபடி உயிர்பெற்றது.

புது கேம்ஷாஃப்டை முதல் இருபது நிமிடம் வேகமாகவே சுழலவிட வேண்டும்; இல்லையென்றால் அப்போதே தேயத் தொடங்கும். வேகத்தில் குலுக்கல் அடங்கிவிடும். ஆர்வில் பொறுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

கார் முழுவதும் அதிரத் தொடங்கியது.

இறங்கிப் போய், சக்கர நாற்காலியை முன் மட்கார்டின் அருகே தள்ளிவந்தார். கண் திறந்தும் எதையும் பார்க்காத, காதில் எதுவும் ஏறாத மகனின் கையை எடுத்து, அந்தத் தகரத்தின் மேல் வைத்தார்.

விரல்கள் அசைந்தன. ஐந்தும்.

“அப்படித்தான்டா, க்ளே. விட்டுறாதே.”

இன்ஜினுக்குள் மெல்ல, தேய்மானத்தின் தட்டல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இப்போதே சாவியைத் திருப்பி அணைத்தால் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம்.

சாவியைத் திருப்பினால் விரல்களும் நின்றுவிடும் என்பது, முதல் கேம்ஷாஃப்டின்போதே அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.