பாட்டுக்குள் ஒரு முனகல்

“உன் தம்பியைத் தூக்கிட வேண்டியதுதான். வேற வழியே இல்ல” என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

“பாட்டுலேர்ந்தா, குடும்பத்துலேர்ந்தா?” என்றாள் அவள்.

பாட்டிலிருந்துதான். அவள் பாடிய மெதுவான ஜாஸ் பாட்டு நாளைக் காலை ஒரு ஓட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சனிக்கிழமைதோறும் மாலையில் அங்கே பாடலாம். எத்தனையோ வருடத்து ஆசை.

குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங் வேலையை, விவரம் தெரிந்த ஆளிடம் கொடுக்கலாம் என்றுதான் அவள் சொன்னாள். “ஊரார் கண்ணையே சோதிக்கிறவன், இதைக் காதால கேட்டுச் சரிபண்ண மாட்டேனா?” என்று வலியப் போய் வாங்கிக்கொண்டவர் இவர்.

பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பியானோவை ஏற்றினால் குரல் முங்கியது. குரலை ஏற்றினால் பியானோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. அதையும் ஒருவழியாகச் சமாளித்துவிட்டார்.

அவர் ஹெட்போனை எடுத்தாலே போதும், அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் மகள் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அப்பாவின் கவனம் கலையக் கூடாது என்று பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் அந்த முனகலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பல்லவி வந்ததும் ‘ம்ம்ம்’ என்று கனமாக ஒரு சத்தம் கூடவே வந்தது. சுருதியும் சேரவில்லை.

அவ்வளவு கனமாக ஒலிப்பது மைத்துனன் வாசித்த ஆளுயர டபுள் பாஸ் ஒன்றுதான். அதை நிறுத்திவிட்டுக் கேட்டார், முனகல் போகவில்லை. மனைவியின் குரலை மட்டும் தனியே கேட்டார்; அதிலும் இருந்தது.

“எல்லாரும் ஒரே ரூம்ல வாசிச்சீங்கல்ல? அவன் சத்தம் எல்லா மைக்லயும் கசிஞ்சிருக்கு. அவன் இல்லாம இன்னிக்கே திரும்ப ரெக்கார்டு பண்ணணும்.”

‘கசிவு’ என்பது போன வாரம்தான் அவர் கற்றுக்கொண்ட சொல். கற்றதை எங்கேயாவது பயன்படுத்தியாக வேண்டாமா?

“அவன் இல்லன்னா நான் பாட மாட்டேன். ஓட்டலும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் மனைவி. கண் கலங்கிவிட்டது. தம்பிக்குப் போன் போட்டாள்.

போன் போன கையோடு மைத்துனன் வந்து நின்றான். ஹெட்போனை வாங்கி முழுப் பாட்டையும் கேட்டான்.

“ஒண்ணுமே இல்லையே அத்தான்.”

அடுத்து அக்கா கேட்டாள். “எனக்கும் எதுவும் கேக்கல.”

“உங்க குடும்பத்துக்கே காது மந்தம்!” என்று கத்தினார் கண்ணாடிக் கடைக்காரர்.

“சரி, நீங்களே கேளுங்க. முனகல் வர்றப்ப கையைத் தூக்குங்க” என்றான் மைத்துனன்.

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன, தலை தானாக ஆடியது. மனைவியின் குரல் பல்லவிக்கு ஏறியபோது, எத்தனையாவது முறை கேட்டாலும் மனசு அப்படியே கரைந்தது.

இதோ, வந்துவிட்டது முனகல். அச்சு அசலாக அதே முனகல். மாட்டிக்கொண்டாயா என்று கையை உயரத் தூக்கினார்.

கண்ணைத் திறந்தால், மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மைத்துனன் குனிந்து, அவருடைய ஒரு காதிலிருந்து ஹெட்போனை மெல்ல விலக்கினான்.

“கூடப் பாடாம கேளுங்க, அத்தான்.”