மெட்ராஸ் டிரங்க் கால்

“மெட்ராஸ் டிரங்க் கால் வந்திருக்கு அத்தான். சத்தமாப் பேசுங்க.”

சொல்லிவிட்டுக் கிருபாவதி காதுக்கருவியை இறுக்கிக்கொண்டாள். தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு தவறான இணைப்பும் கொடுத்தறியாதவள் என்று பெயரெடுத்தவள், பட்டப்பகலில் பொய் சொல்லியிருந்தாள். பலகையில் எரிந்த விளக்கு மெட்ராஸினுடையது அன்று. உள்ளூர்க் காபி கிளப்பினுடையது.

அங்கிருந்து பேசுகிறவன் அவளுடைய அக்காள் மகன் ஜெயசிங். மெட்ராஸில் பார்த்த வேலை பறிபோய், ஊருக்குத் திரும்பி, நண்பனுடைய அறையில் ஒளிந்திருந்தான். நாளை மறுநாள் ஓடைப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். மெட்ராஸ் வேலையை நம்பித்தான் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை அந்த வரவைத் தள்ளிப்போட்டாக வேண்டும்.

“சித்தி, அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சிருவாக. ஒரே ஒரு தடவை டிரங்க் கால்னு சொல்லிக் குடுங்க” என்று சற்று முன்புதான் கெஞ்சியிருந்தான்.

“ஏலே, எனக்கு வேலை போயிரும்டா.”

“போனா ரெண்டு பேருஞ் சேந்து தேடுவோம் சித்தி.”

தேனியில் எவரும் எண்ணைச் சொல்லி இணைப்புக் கேட்பதில்லை. ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த ஆள் கடைசியாக எங்கிருந்து பேசினாரோ, அந்தத் துளையில் கிருபாவதி கம்பியைச் செருகுவாள். அவர் வேறோரிடத்திலிருந்து பேசிவிட்டால், அவள் மனத்திலிருந்த பழைய இடம் அக்கணமே அழிந்து புதிய இடம் பதிந்துவிடும்.

ஜெயசிங்கின் தகப்பனார் பொன்னுராஜ் காலையில் ஏலக்காய் மண்டியிலிருந்து தம் வீட்டுக்குப் பேசியிருந்தார். ஆகவே, மண்டியின் துளையிலேயே செருகினாள். பலகையில் மண்டி மேல் வரிசையில் இருந்தது. காபி கிளப் அடி வரிசையில் இருந்தது.

“அப்பா, எனக்கு லீவு குடுக்க மாட்டேங்குறாக. பொண்ணு வீட்டுக்காரகள அடுத்த மாசம் வரச் சொல்லுங்க.”

“ஏலே, அவுக திராட்சை அறுப்பைப் போட்டுட்டுல்ல வர்றாக! உங்க மேனேஜருக்குப் புள்ளகுட்டி கெடையாதா? போனை அவருகிட்டக் குடு, நான் கேக்குறேன்.”

“அவுக... அவுக வெளிய போயிருக்காகப்பா.”

அந்நேரம் காதுக்கருவிக்குள் பேருந்தொன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது அடங்கும்வரை இருவருமே பேசாமல் காத்திருந்தனர்.

அதற்குப் பிறகு பொன்னுராஜின் குரல் இறங்கிவிட்டது.

“சரி, லீவு கெடக்குது. வேளாவேளைக்குச் சாப்பிடுறியாய்யா?”

“சாப்பிடுறேம்ப்பா.”

“ம். ஒடம்பப் பாத்துக்க.”

பெற்ற மனம் இளகிவிட்டது என்று கிருபாவதி பெருமூச்சு விட்டாள். “மூணு நிமிஷம் ஆச்சு” என்று முறைப்படி அறிவித்து, இணைப்பைத் துண்டித்தாள். பொய்யே ஆனாலும் முறை தவறக் கூடாது என்பது அவள் கொள்கை.

மண்டியின் விளக்கு மறுபடியும் எரிந்தது. பொன்னுராஜ்தான்.

“கிருபா, பயகிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லணும்.”

“மெட்ராஸ் லைன் திரும்பக் கெடைக்க நேரமாகுமே அத்தான். புக் பண்ணி வைக்கட்டுமா?”

“வேணாந் தாயி. எதுத்த காபி கிளப்புதானே, சன்னல்ல நின்னு நானே கூப்பிட்டுக்கிறேன்.”