நகர்ந்த முக்காலி

மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் மூத்த நகைச்சுவை நடிகை மூச்சடக்கி நிற்கிறாள். பல வருடங்களாக இவள் தடுக்கி விழுந்து சிரிக்கவைத்த முக்காலி இன்று புதியவளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. விளக்கு அணைந்திருந்தபோது அதைக் காலால் ஒரு சாண் தள்ளிவைத்தது இவள்தான். மஞ்சள் வெளிச்சத்தில் புதியவள் காபித் தட்டோடு ஓடிவருகிறாள். கால் எதிலும் படாமல் கடந்துவிடுகிறாள். அரங்கத்தில் ஒரு இருமல் மட்டும் கேட்கிறது. இவளுக்கு வயிறு குளிர்கிறது. புதியவள் நின்று, திரும்பி, முக்காலியை மேலும் கீழும் பார்க்கிறாள். "என்னடி, கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, திரும்ப நடந்துவந்து, நிதானமாகத் தடுக்கி விழுகிறாள். கூரை அதிர்கிறது. "அக்கா, உங்களுக்குக்கூட இப்படிச் சிரிச்சதில்லையே!" என்கிறாள் அருகில் நிற்கும் ஒப்பனைக்காரி. வாயைப் பொத்திய கையை மீறி இவளுக்கும் சிரிப்பு வந்து தொலைக்கிறது.