எல்லாருக்கும் ஒரே அளவு

புவெனஸ் அயர்ஸின் அந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

"இதைவிடக் கொஞ்சம் பெரிசா இல்லையா?" என்று மிர்த்தா கேட்டதற்கு, விற்பனைப் பெண் சுவரில் சாய்ந்தபடியே முறைத்தாள். "நானே இதைத்தான் போட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் பத்தாதா?"

இப்போது உடை மாற்றும் அறையில் கவுன் மிர்த்தாவின் நெஞ்சோடு சிக்கிக்கொண்டது. இழுத்தால் ஏறவில்லை, இறக்கினால் இறங்கவில்லை. மூச்சு முட்டியது.

'டர்ர்' என்று சத்தம் கேட்டது.

போச்சு! அந்த விற்பனைப் பெண் விடுவாளா? கடையே கூடிச் சிரிக்கும்படி கத்துவாளே! வெளியே காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. திரை சட்டென்று விலகியது.

"சத்தியமா நான் கிழிக்கல..."

"கத்தாதீங்க!" விற்பனைப் பெண் கிசுகிசுத்தாள். உள்ளே வந்து திரையை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை அவளுடைய கவுனின் முதுகுப்பக்கம் பிளந்திருந்தது.

"கிழிஞ்சது என்னோடது. ஊக்கு வச்சிருக்கீங்களா?"