கண்ணகிக்குக் கொடுத்த ரத்தம்

கல்லூரியின் மாணவர் தொண்டு மையத்துக்கு வெள்ளி விழா. மையத்தின் முதல் ரத்ததானம் சங்கராபுரம் கண்ணகியின் பிரசவத்துக்குத்தான் என்று கேள்விப்பட்டு, மாணவி மணிமொழி அவள் வீட்டைத் தேடி வந்திருந்தாள். கண்ணகியின் அம்மா ரங்கம்மாள் மட்டும் இருந்தாள்.

“ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சும்மா. கல்வராயன் மலையில கேம்ப் போட்டுக்கினு இருந்த காலேஜ் புள்ளைங்க, சேதி கேட்டதும் லாரி புடிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுங்க.”

“அவங்கதாம்மா அப்புறம் மையத்தையே ஆரம்பிச்சாங்க. அவங்க காப்பாத்துன முதல் உயிர் உங்க பொண்ணு! விழாவுல கண்ணகியம்மா ரெண்டு வார்த்தை பேசணும்.”

“ரத்தம் குடுத்துட்டு அந்தப் புள்ளைங்க வெளிய வர்றதுக்குள்ள எம்பொண்ணும் வயித்துல இருந்ததும் பூட்டாங்கம்மா. லேட்டாயிடுச்சேன்னு அதுங்க தரையில உக்காந்து அழுதுச்சுங்க.”

“அப்போ... அந்த ரத்தம்?”

“பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு அதே மாதிரி கெடந்தா. அவளுக்கும் அதே குரூப்புன்னு நர்சம்மா சொன்னாங்க. அவளுக்கு ஏத்துங்கன்னு நான்தான் சொன்னேன்.”

ரங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எம்பொண்ணு கைய அப்போ நான் இன்னும் வுடல.”